சொட்டு மருந்து தந்த சேபின்

நம்மில் பெரும்பாலோர், இடக்கைச் சுண்டு விரல் நகத்தில் மை வைத்துக்கொண்டு, சத்துணவுக் கூடத்திலிருந்தோ பேருந்து நிலையத்திலிருந்தோ தாயின் இடுப்பில் அமர்ந்து வீடு திரும்பியவர்கள். வாயில் விழுந்த அந்த இரண்டு சொட்டும் மருந்து என்றுதான் நம் தாய்மார்கள் எண்ணினார்கள். உண்மையில் அவை உயிருள்ள வைரஸ்கள். நம் குடலுக்குள் சென்று, அங்கே குடியேறி, பெருகி, நம்மைக் காத்துவிட்டு வெளியேறிய வைரஸ்கள். அவற்றைப் பழக்கி, கொல்லும் குணம் நீக்கி, உலகத்தார் கையில் விலையின்றிக் கொடுத்தவர் ஆல்பர்ட் புரூஸ் சேபின்.

சேபின் 1906-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் நாள் பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அந்நகர் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆபிரகாம் சேபர்ஸ்டைன். யூதர்கள் அஞ்சி வாழ வேண்டியிருந்த காலம் அது. முதல் உலகப் போர் முடிந்தபின் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா சென்று, பட்டு நெசவுக்குப் பேர்போன பேட்டர்சன் நகரில் குடியேறியது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை.

உறவினர் ஒருவர் பல் மருத்துவராக இருந்தார். பல் மருத்துவம் படித்துத் தன் தொழிலுக்கு வருவதானால் செலவெல்லாம் தன்னுடையது என்றார் அவர். சேபினும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது, நுண்ணுயிர்களை வேட்டையாடிய விஞ்ஞானிகளைப் பற்றிப் பால் டி குரூயிஃப் எழுதிய நூல் ஒன்று 1926-இல் வெளிவந்தது. அதைப் படித்த இளைஞருக்குப் பல்லின்மேல் இருந்த பற்று போயிற்று. மருத்துவ ஆராய்ச்சிக்கே போவேன் என்று அவர் சொன்னதும் உறவினரின் உதவியும் நின்றது. கிடைத்த சிறு வேலைகளைச் செய்து, உதவித்தொகை பெற்று, 1931-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்கக் குடிமகனாகித் தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். (உதவித்தொகை வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நம் விடுதி நண்பர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் புரியும்.)

பட்டம் பெற்ற அதே கோடையில் நியூயார்க் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நேற்று ஓடி விளையாடிய குழந்தை இன்று காலை அசைக்க முடியாமல் படுத்திருக்கும். அதைக் கண்ட சேபினின் ஆராய்ச்சி அந்நோயின் பக்கம் திரும்பியது. மறு ஆண்டில் இன்னொரு நிகழ்ச்சி. ஆராய்ச்சிச்சாலையில் உடன் பணிபுரிந்த இளம் மருத்துவர் பிரெப்னரைக் குரங்கு ஒன்று கடித்தது. சில நாட்களில் அவர் உடல் செயலிழந்து இறந்தார். நண்பரின் உடலிலிருந்து எடுத்த திசுக்களில் சேபின் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். இறந்தவர் பெயரின் முதலெழுத்தால் அது பி வைரஸ் என வழங்குகிறது.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். இளம்பிள்ளை வாதம் ஒரு வைரஸால் வருகிறது என்பதை 1908-இலேயே வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் காட்டிவிட்டார்கள். குருதி வகைகளைக் கண்டறிந்த அதே லாண்ட்ஸ்டைனர்தான். ஆனால் அந்த வைரஸ் உடலுக்குள் எவ்வழியாக நுழைகிறது? மூக்கின் வழியே புகுந்து நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறுகிறது என்பதே அந்நாளைய பேரறிஞர்களின் முடிவு. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1912-ஆம் ஆண்டை ஒட்டியே குடலில் அவ்வைரஸைக் கண்டு அறிவித்திருந்தும், அதைக் காதில் போட்டுக்கொண்டவர் மிகச் சிலர். மூக்கு வழிக் கொள்கைக்கு 1936-இல் வலுச் சேர்த்தவர்களில் சேபினும் ஒருவர். ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒலிட்ஸ்கி என்பாரோடு சேர்ந்து, மனிதக் கருவின் திசுக்களில் வைரஸை வளர்த்துப் பார்த்தார். நரம்புத் திசுவில் வளர்ந்தது; மற்றத் திசுக்களில் வளரவில்லை. ஆகவே இது நரம்பில் மட்டுமே வாழும் வைரஸ் என்று எழுதினார்கள்.

அது தவறான முடிவு. சோதனையில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட வைரஸ்தான் பிழை. பல்லாண்டுகளாகக் குரங்கின் மூளையிலிருந்து குரங்கின் மூளைக்கே மாற்றி மாற்றி வளர்க்கப்பட்ட அந்த வகை, நரம்பைத் தவிர வேறெங்கும் வாழ மறந்துவிட்டிருந்தது. இந்தத் தவறான கருத்தை நம்பி 1936, 1937 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகளின் மூக்கில் இரசாயனக் கரைசல்களைப் பீச்சினார்கள். நோய் நிற்கவில்லை. சில குழந்தைகளுக்கு வாசனை அறியும் திறன் போனதுதான் மிச்சம்.

சேபின் 1939-இல் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ராபர்ட் வார்டு என்பாரோடு சேர்ந்து, இளம்பிள்ளை வாதத்தால் இறந்தவர்களின் உடல்களை உறுப்பு உறுப்பாகச் சோதித்தார். மூக்கின் திசுக்களில் வைரஸ் இல்லை. குடலில் இருந்தது, மலத்தில் இருந்தது. 1941-இல் இதை வெளியிட்டார். ஐந்தாண்டுக்கு முன் தாம் எழுதியதைத் தாமே மறுத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய பிற்காலத்தைப் பார்க்கும்போது இந்த நேர்மை எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வைரஸ் குடலில் வாழ்கிறது என்று தெரிந்ததும் மருந்தின் வழியும் தெரிந்துவிட்டது. குடலில் பெருகட்டும்; நரம்பைத் தாக்காதிருக்கட்டும். அத்தகைய சாதுவான வைரஸை வாய்வழியே கொடுத்தால் குடலிலேயே காவல் நின்றுவிடும். இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. சேபின் இராணுவ மருத்துவராக மணல் ஈக் காய்ச்சல், டெங்கு, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஆகியவற்றை ஆராய்ந்தார். டெங்கு வைரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டென்று காட்டியது அவர்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

போருக்குப் பின், 1949-இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுக்களில் போலியோ வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அதற்காக 1954-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறு வகை வைரஸைக் கையில் எடுத்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு சேபினுடையதாக இருந்திருக்கலாம். நோபல் பரிசு கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை.

இக்காலத்தில் குழந்தைகளின் மலத்திலிருந்து புதிய வைரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரத் தொடங்கின. நியூயார்க் மாநிலத்துக் காக்சாக்கி என்ற சிற்றூர்க் குழந்தைகளிடம் 1948-இல் கிடைத்தவற்றுக்கு அவ்வூர்ப் பெயரே சூட்டப்பட்டது. பிறகு வந்தவற்றில் பல எந்த நோயோடும் தொடர்பில்லாதவை. நோய் என்னும் தாய் தந்தை இல்லாததால் அவற்றுக்கு அநாதை வைரஸ்கள் என்று பெயர்! எக்கோ என்று நாம் பாடநூலில் படிக்கிறோமே, அதன் கடைசி எழுத்து அநாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே. போலியோ, காக்சாக்கி, எக்கோ ஆகிய மூன்று கூட்டத்தையும் 1957-இல் என்டெரோவைரஸ் என்ற ஒரே பெயரில் சேர்த்தார்கள். குடலுக்குக் கிரேக்க மொழியில் என்டெரான் என்று பெயர்.

சேர்த்தவற்றைப் பிரித்ததிலும் சேபினுக்குப் பங்கு உண்டு. எக்கோ 10 என்று எண் பெற்றிருந்த வைரஸ் அளவில் மிகப் பெரிதாக இருப்பதையும், அது செல்லில் உண்டாக்கும் மாற்றங்கள் வேறுபடுவதையும் கண்டு, 1959-இல் அதைத் தனியே எடுத்து ரியோவைரஸ் என்று பெயரிட்டார். அவர் கண் பொய்க்கவில்லை. என்டெரோவைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; ரியோவைரஸுடையதோ இரட்டை இழை ஆர்.என்.ஏ., அதுவும் பத்துத் துண்டுகளாக இருப்பது என்று பின்னால் தெரிய வந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டாவைரஸ் இந்த ரியோவைரஸின் உறவுதான். இவ்வாறே எக்கோ 22, 23 ஆகிய இரண்டும் பிற்காலத்தில் பரெகோவைரஸ் என்ற தனிப் பேரினமாயின. என்டெரோவைரஸ் 72 என்று எண் கொடுக்கப்பட்ட மஞ்சள் காமாலை ஏ வைரஸும் தனிக்குடித்தனம் போயிற்று. மாறாக, சளி பிடிக்கச் செய்யும் ரைனோவைரஸ்கள் தனிப் பேரினமாக இருந்து, மரபணுத் தொகுதியின் ஒற்றுமையால் என்டெரோவைரஸ் பேரினத்துக்குள் வந்து சேர்ந்தன. குடலில் வாழாமல் மூக்கில் வாழ்ந்தும் குடல் வைரஸ் என்று பெயர்! வகைப்பாடு படிக்கும் நம் துறை மாணவர்கள் தேர்வில் இதை மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்று பிகோர்னாவிரிடே குடும்பத்தின் இப்பேரினத்தில் மனிதரைத் தாக்கும் இனங்கள் ஏழு: என்டெரோவைரஸ் ஏ முதல் டி வரை நான்கு, ரைனோவைரஸ் ஏ முதல் சி வரை மூன்று. போலியோ இன்று தனி இனமன்று. காக்சாக்கி ஏ வைரஸ்கள் சிலவற்றோடு சேர்ந்து அது சி இனத்தில் அடங்குகிறது. ஊரையே நடுங்க வைத்த நோய்க்கிருமி, சாதாரணக் காய்ச்சல் தரும் வைரஸ்களின் உடன்பிறப்பு என்பது வியப்பாக இல்லையா?

மீண்டும் சின்சினாட்டிக்கு வருவோம். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சாதுவாக்க வேண்டும். குரங்கின் சிறுநீரகச் செல்களில் வைரஸை வேகவேகமாகத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது, அவற்றில் ஒற்றை வைரஸிலிருந்து பெருகிய கூட்டங்களைப் பிரிப்பது, ஒவ்வொன்றையும் குரங்கின் நரம்பு மண்டலத்தில் செலுத்தி நோய் வருகிறதா என்று பார்ப்பது. இதுவே பல்லாண்டு வேலை. இந்த நோயின் ஆராய்ச்சிக்காக அந்நாளில் மடிந்த குரங்குகளில் ஆயிரக்கணக்கானவை நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியான செம்முகக் குரங்குகள். இந்திய அரசு அந்த ஏற்றுமதியை 1978-இல்தான் தடை செய்தது. முதல் வகைக்கு மஹோனி என்ற கொடிய வைரஸும், மூன்றாம் வகைக்கு 1937-இல் இந்நோயால் இறந்த ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த லியோன் என்ற வைரஸும் மூலங்களாயின. இரண்டாம் வகையை நலமுள்ள ஒரு குழந்தையிடமிருந்து எடுத்தார். முதலில் தாமே விழுங்கினார். பிறகு மனைவிக்கும் இரு பெண் குழந்தைகளுக்கும் கொடுத்தார். 1955-இல் ஒஹையோ மாநிலத்துச் சிறையில் தாமாக முன்வந்த கைதிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிறையில் இருப்பவன் தானாக முன்வருவது என்றால் என்ன என்ற கேள்வியை இன்று நாம் கேட்போம். அன்று அதிகம் பேர் கேட்கவில்லை.

அதே 1955 ஏப்ரலில் ஜோனாஸ் சால்க்கின் ஊசி மருந்து வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அது வைரஸைக் கொன்று செய்த மருந்து. அமெரிக்கா முழுவதும் சால்க்கைக் கொண்டாடியது. குழந்தைகள் எல்லாம் ஊசி போட்டுக்கொண்ட பின் சேபின் தம் சொட்டு மருந்தை எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பார்? விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1956-இல் சோவியத் ரஷ்யாவிலிருந்து சுமக்கோவ், அவர் மனைவி வொரோஷிலோவா, ஸ்மொரோதின்செவ் ஆகிய மூன்று விஞ்ஞானிகள் அமெரிக்கா வந்தார்கள். சேபினும் அவ்வாண்டே லெனின்கிராடுக்கும் மாஸ்கோவுக்கும் சென்றார். இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று அணுகுண்டு காட்டி மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாளில், ஒரு யூத அகதியின் மகன் தம் வைரஸ்களைக் குப்பிகளில் அடைத்துத் சோவியத் நாட்டுக்கே அனுப்பினார். சுமக்கோவ் தம்பதியர் தம் புதல்வர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். 1959 முடிவதற்குள் சோவியத் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேர் மருந்துண்டார்கள். மறு ஆண்டில் சோவியத்தும் கிழக்கு ஐரோப்பாவுமாகப் பத்துக் கோடியை எட்டியது. மேற்கு நாட்டார் அந்தக் கணக்கை நம்பத் தயங்கினர். உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை டாரதி ஹார்ஸ்ட்மன் நேரில் பார்த்து, சோதனை ஒழுங்காகவே நடந்துள்ளது என்று அறிக்கை தந்தார்.

சேபினின் சொந்த ஊர்க் குழந்தைகளுக்கு 1960 ஏப்ரல் 24 அன்றுதான் அந்த வாய்ப்புக் கிடைத்தது. சின்சினாட்டியில் அது சேபின் ஞாயிறு என்று பெயர் பெற்றது. 1961, 1962 ஆண்டுகளில் மூன்று வகைக்கும் தனித்தனியே உரிமம் கிடைத்தது. 1963-இல் மூன்றும் சேர்ந்த மருந்து வந்தது. சர்க்கரைக் கட்டியின்மேல் ஒரு சொட்டு. ஊசி இல்லை, வலி இல்லை, பயிற்சி பெற்ற செவிலியர் தேவையில்லை. மருந்துண்ட குழந்தையின் மலத்தில் வெளியேறும் வைரஸ் அண்டை வீட்டுக் குழந்தையையும் ஓரளவு காத்தது. காப்புரிமை வாங்கியிருந்தால் அவர் கோடீசுவரர் ஆகியிருப்பார். வாங்கவில்லை. 1972-இல் தம் மூல வைரஸ்களை உலக சுகாதார நிறுவனத்துக்கே வழங்கிவிட்டார்.

இனி அவர் வாழ்வின் நிழற் பக்கம். மருந்து பரவிய சில ஆண்டுகளிலேயே, மருந்துண்ட குழந்தைகளில் மிக அரிதாகச் சிலருக்கு வாதம் வருவதாகச் செய்திகள் வந்தன. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 25 இலட்சம் தவணைக்கு ஒன்று. அமெரிக்க வல்லுநர் குழுக்கள் மருந்தே காரணம் என்றன. சேபின் ஒப்பவில்லை. ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வாதாடினார். 1941-இல் தம்மையே மறுத்த மனிதர், தம் குழந்தை போன்ற வைரஸின்மேல் பழி வந்தபோது மறுக்க முடியாதவரானார். அவரைக் குறை கூறவே இதை எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஆனால் இதை விட்டுவிட்டு அவர் வரலாற்றைச் சொன்னால் அது வரலாறு ஆகாது.

தீர்ப்பை வைரஸின் மரபணுத் தொகுதியே எழுதி வைத்திருந்தது. படிக்கத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1981-இல் மஹோனி வைரஸின் ஆர்.என்.ஏ. முழுவதும் எழுத்தெழுத்தாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 7,440 எழுத்துகள். அவ்வளவுதான் அந்த வைரஸின் முழு நூல். ஒரு முனையில் சிறு புரதம் ஒன்று தொப்பி போல் ஒட்டியிருக்கும். அதையடுத்து 740 எழுத்துகளுக்கு மேல் எந்தப் புரதத்தையும் குறிக்காத பகுதி. நம் செல்லின் ரைபோசோம்களைத் தன்பால் இழுத்துப் பணிய வைக்கும் மடிப்புகள் அங்கேதான் உள்ளன. பிறகு இடைவெளியே இல்லாத ஒரே நீண்ட வாசகம். அதிலிருந்து 2,209 அமினோ அமிலம் கொண்ட ஒரே பெரும் புரதம் உருவாகும். அந்தப் பெரும் புரதத்திலேயே அடங்கியுள்ள கத்தரி போன்ற நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டும். முதற் பகுதி வைரஸின் மேலோட்டுக்கான நான்கு புரதங்களைத் தரும். நடுப் பகுதியும் கடைப் பகுதியும் பெருகுவதற்கான கருவிகளைத் தரும். ஓட்டின்மேல் கொழுப்புறை இல்லாததாலும் அமிலத்தைத் தாங்குவதாலுமே இவ்வைரஸ் இரைப்பையைக் கடந்து குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

மறு ஆண்டில் சேபினின் முதல் வகை வைரஸையும் வாசித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 57 இடங்களில் எழுத்து மாறியிருந்தது. மூன்றாம் வகையிலோ லியோனுக்கும் சேபினின் வைரஸுக்கும் இடையே வெறும் பத்து எழுத்து வேறுபாடு! கண்ணால் பாராமல், குரங்கையும் கண்ணாடிக் குழாயையும் மட்டும் கொண்டு சேபின் தேடிப் பிடித்தது இந்தச் சில எழுத்துகளைத்தான். அவற்றில் முக்கியமானவை, புரதமே குறிக்காத அந்த முன் பகுதியில் இருந்தன: முதல் வகையில் 480-ஆம் எழுத்து, இரண்டாம் வகையில் 481, மூன்றாம் வகையில் 472. அந்த ஓரெழுத்து மாற்றத்தால் மடிப்பு தளர்ந்து, நரம்புச் செல்லில் வைரஸால் நன்கு பெருக முடிவதில்லை. ஆனால் மருந்துண்ட குழந்தையின் குடலில் பெருகும்போது, மூன்றாம் வகையின் 472-ஆம் எழுத்து இரண்டு மூன்று நாளிலேயே பழைய எழுத்தாகத் திரும்பிவிடுவதை 1985-இல் கண்டறிந்தார்கள். எழுதும்போது பிழை விடுவதும், பிழையைத் திருத்திக்கொள்ளும் கருவி இல்லாததும் இவ்வைரஸ்களின் இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் தீங்கில்லை. எங்கோ ஒரு குழந்தைக்கு உண்டு.

மருந்து கொடுப்பது குறைந்த ஊர்களில், இவ்வாறு திரும்பிய வைரஸ் ஆள்விட்டு ஆள் பரவி, சி இனத்தைச் சேர்ந்த காக்சாக்கி உறவினர்களோடு மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு, மீண்டும் கொடியதாகலாம். 2000-ஆம் ஆண்டில் ஹெய்ட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் அதுவே நடந்தது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தைக்கு மூன்று தவணை போதுமென்றால் நம் குழந்தைக்கும் போதும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் குழந்தைகளின் குருதியைச் சோதித்து, மூன்று தவணைக்குப் பின்னும் பலருக்குப் போதிய எதிர்ப்பு உண்டாகவில்லை என்று 1970-களில் காட்டினார். வெப்ப நாட்டுக் குழந்தையின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற என்டெரோவைரஸ்கள் மருந்து வைரஸுக்கு இடங்கொடுப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்த இடையூற்றைச் சேபினும் மெக்சிகோவில் கண்டிருந்தார். ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்துவிடுவதே அவர் கண்ட வழி. கியூபா 1962-இல் அவ்வழியே சென்றது. பிரேசில் 1980-இல் சென்றது. 1995-இல் நாடு முழுவதும் தொடங்கிய நம் போலியோ ஞாயிறும் அவ்வழிதான்.

சேபினின் இல்வாழ்வில் துயரம் மிகுதி. முதல் மனைவி 1966-இல் மறைந்தார். அடுத்த திருமணம் முறிந்தது. 1972-இல் பிரேசில் நாட்டு ஹெலோய்சாவை மணந்தார். இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தின் தலைவராகச் சில ஆண்டு பணியாற்றினார். பிள்ளைகளின் வாதத்தோடு ஆயுள் முழுதும் போராடிய அவரே 1983-இல் கழுத்தெலும்பு நோயால் கை கால் செயலிழந்து படுக்கையில் கிடந்தார். பின் எழுந்து நடந்தார். 1993 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் தம் 86-ஆம் வயதில் காலமானார்.

இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி ஹௌராவைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை. நோய் கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோவற்றது என்று சான்று பெற்றது. இரண்டாம் வகை இயற்கை வைரஸ் 1999-க்குப் பின் எங்கும் காணப்படவில்லை. ஆகவே 2016 ஏப்ரலில் உலகெங்கும் சேபினின் இரண்டாம் வகையை வழக்கமான சொட்டு மருந்திலிருந்து நீக்கினார்கள். அதன் பின்னும் மருந்து வழி வந்த இரண்டாம் வகை சில நாடுகளில் பரவியதால், அதே சேபின் வைரஸின் முன் பகுதியை, 481-ஆம் எழுத்து திரும்பினாலும் பயனில்லாதபடி விஞ்ஞானிகள் திருத்தி எழுதினார்கள். அந்தப் புதிய மருந்து 2021-லிருந்து கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது.